வலியை உடம்பிலிருந்து பிரித்தது தெகார்த்தா?

பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மனம் வேறு, உடல் வேறு என்று தெகார்த் பிரித்து வைத்ததால்தான் மருத்துவம் இத்தனை காலம் வலியைப் புரிந்துகொள்ளாமல் போனது என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். இது உண்மையா? அதே காலத்தில் வேறு யாராவது சரியாகச் சொன்னார்களா? இவ்வளவு பழைய ஆட்களை இன்றைக்குப் படிப்பதில் ஏதாவது பயன் உண்டா?”

மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவர் இடுப்பு வலிக்கிறது என்கிறார். எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. “எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உடம்பில் காணோம் என்றால் மனதில்தான் இருக்க வேண்டும் என்கிற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. நான் கல்லூரியில் பல வருடங்களாகப் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவம் நடத்துகிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை. சிகிச்சை பற்றி நான் ஏதாவது சொன்னால் உங்கள் ஆசிரியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு மட்டும் நான் பொறுப்பேற்கிறேன்.

ஆசிரியர் சொன்னது பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்ப்பதற்கு, பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெகார்த் (பாடநூல்களில் டெஸ்கார்ட்டஸ் என்று இருக்கும்) எதை எதிர்த்து எழுதினார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவர் பிறந்த 1596-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அரிஸ்டாட்டில் வழிப் படிப்புதான் நடந்தது. கல் கீழே விழுகிறதா? தன் இயல்பான இடத்தைத் தேடிப் போகிறது. செடி வளர்கிறதா? அதற்குள் வளர்க்கும் ஆன்மா இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே ஒரு நோக்கம், ஒரு தன்மை. தெகார்த் இதை மொத்தமாகத் துடைத்தார். பொருள் என்றால் நீளம், அகலம், உயரம், வடிவம், அசைவு, அவ்வளவுதான் என்றார். நிறம், சுவை, மணம், சூடு, வலி எதுவும் பொருளில் இல்லை. நம் மனதில் எழுபவை. இத்தாலியில் கலிலியோ 1623-லேயே இதே போலச் சொல்லியிருந்தார். ஆனால் அதை ஒரு முழு உலகப் படமாக விரித்து, மனித உடம்பையும் அதற்குள் கொண்டுவந்தவர் தெகார்த்.

உங்கள் பாடப்புத்தகத்தில் அந்தப் படம் இருக்கும்: ஒரு சிறுவன் நெருப்பருகே காலை வைத்திருப்பான், காலிலிருந்து ஒரு கோடு முதுகு வழியாக மூளைக்குப் போகும். 1630-களின் தொடக்கத்தில் தெகார்த் எழுதிய ‘மனிதன்’ பற்றிய நூலிலிருந்து எடுத்தது. 1633-இல் கலிலியோவுக்குத் தண்டனை கிடைத்த செய்தி வந்ததும் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் அது அச்சானது. 1664 பிரெஞ்சுப் பதிப்பில் உள்ள படங்கள் பதிப்பித்தவர்கள் வரைவித்தவை. அதில் அவர் சொல்வது இது: நெருப்பின் நுண்துகள்கள் காலின் தோலைத் தாக்குகின்றன, அங்கே கட்டியிருக்கும் மெல்லிய நரம்பிழை இழுபடுகிறது, கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் மறு நுனியில் மணி அடிப்பது போல, அதே நொடியில் மூளையில் ஒரு துளை திறக்கிறது, அதன் வழியே நரம்புகளுக்குள் பாயும் நுண்மையான ஆவி தசைகளுக்குப் போய்க் காலை இழுத்துக்கொள்ள வைக்கிறது. இதில் ஆன்மாவுக்கு வேலையே இல்லை. பின்னாளில் அனிச்சைச் செயல் என்று உடலியல் வகுத்துக்கொண்டதன் ஆரம்ப வடிவங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் ஆசிரியர் கோபப்படுவது இந்த மணிக்கயிற்றின் மேல்தான். அந்தக் கோபம் நியாயமானது. எவ்வளவு சேதமோ அவ்வளவு வலி, இடையில் எதுவும் கூட்டாது குறைக்காது என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுங்காலம் ஊறிப்போயிருந்தது. 1965-இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் ‘சயின்ஸ்’ இதழில் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டபோது தாங்கள் எதை மறுக்கிறார்கள் என்று காட்டுவதற்கு எடுத்துக்கொண்டது இந்தப் பழைய படத்தைத்தான். தண்டுவடத்திலேயே ஒரு வாயில் இருக்கிறது, தொடுகை அதை மூடும், மேலே மூளையிலிருந்து வரும் செய்தியும் அதைத் திறக்கும், மூடும் என்றார்கள். தோல் வழியே மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியைக் குறைக்க நீங்கள் வைக்கிற டென்ஸ் கருவிக்குப் பின்னால் இருப்பது அந்த யோசனை. அவர்கள் வரைந்த சுற்று நுணுக்கமாகச் சரியில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் வலி வழியிலேயே மாற்றப்படுகிறது என்பது நிலைத்துவிட்டது.

இப்போது மறுபாதி. மனம் என்பது உடம்புக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிற ஒன்று என்று தெகார்த் எழுதியதாகப் பலரும் நினைக்கிறார்கள். 1641-இல் வந்த ‘தியானங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் அவர் எழுதியிருப்பது நேர் எதிர். மாலுமி கப்பலில் இருப்பது போல நான் என் உடம்பில் இல்லை என்கிறார். அப்படி இருந்தால், கப்பலில் எங்கே உடைந்திருக்கிறது என்று மாலுமி கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதைப் போல நானும் காயத்தை அறிவால் தெரிந்துகொண்டிருப்பேன், வலித்திருக்காது. வலிக்கிறது என்பதே நான் உடம்போடு கலந்து ஒன்றாகக் கிடக்கிறேன் என்பதற்குச் சாட்சி. மனம் வேறு, உடல் வேறு என்று நிரூபிக்க வந்த நூலில், அந்த இரண்டும் பிரியாமல் இருப்பதற்கு அவர் காட்டும் முதல் ஆதாரமே வலிதான். வகுப்பில் இதைப் படித்துக்காட்டும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு இடம் உங்களுக்கு நேரடியாகவே பயன்படும். 1644-இல் வந்த ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலின் கடைசிப் பகுதியில் ஒரு சிறுமியைப் பற்றி எழுதுகிறார். அவள் கையில் கடுமையான புண். அறுவை மருத்துவர் வரும்போதெல்லாம் பயப்படக் கூடாதென்று கண்ணைக் கட்டிவிடுவார்கள். புண் அழுகிப் பரவியதால் முழங்கை வரை கையை எடுத்துவிட்டார்கள். அவளுக்குத் தெரியாதபடி அந்த இடத்தில் துணிகளைச் சுற்றி வைத்தார்கள். சில நாள் கழித்து அவள் இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது என்று புகார் சொன்னாள். விரல்களே இல்லை. தெகார்த் இதிலிருந்து எடுக்கும் முடிவு: கையின் வலியை ஆன்மா உணர்வது அது கையில் இருப்பதால் அல்ல, மூளையில் இருப்பதால்.

அந்தச் சிறுமியிடமிருந்து இன்றைய ஆய்வு வரை ஒரே கோடு ஓடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போன நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கை இழந்தவர்களின் கன்னத்தைத் தொட்டபோது, சிலருக்கு இல்லாத விரல்களில் தொடுகை தெரிந்தது. மூளையில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் அடுத்தடுத்து இருப்பதைக் கொண்டு அதற்கு விளக்கம் சொன்னார். பிறகு ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்து வலியைக் குறைக்கப் பார்த்தார். கண்ணாடிச் சிகிச்சை எல்லோருக்கும் பலன் தருவதில்லை, அவருடைய விளக்கத்தின் மேலும் விவாதம் தொடர்கிறது. ஆனால் உறுப்பில் உணர்கிற வலியை மூளையில் தேடு என்ற கட்டளை தெகார்த் கொடுத்தது. வலி அறிவியல் அவரைத் திட்டிக்கொண்டே அவர் காட்டிய திசையில்தான் நடக்கிறது.

அவர் மாட்டிக்கொண்ட இடம் வேறு. அதைக் கண்டுபிடித்தவர் பாலட்டினேட் என்ற ஜெர்மன் பகுதியின் இளவரசி எலிசபெத். அப்பாவுக்குப் பொஹீமியா அரியணை பறிபோனதால் குடும்பமே ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்தது. 1643 மே மாதம், இருபத்து நான்கு வயதில், ஹேக் நகரிலிருந்து தெகார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கேள்வி இதுதான்: ஒரு பொருள் அசைய வேண்டுமானால் ஏதாவது அதைத் தொட்டுத் தள்ள வேண்டும், ஆன்மாவுக்கு நீள அகலமே இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அது உடம்பை எப்படி அசைக்கிறது?

தெகார்த்தின் முதல் பதிலில் எலிசபெத்துக்குத் திருப்தி இல்லை. ஜூனில் மறுபடி எழுதினார்: பருமன் இல்லாத ஒன்று உடம்பை அசைக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவுக்கும் பருமன் உண்டென்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது. அப்புறம் தெகார்த் எழுதிய பதில் இருக்கிறதே, அது தத்துவ வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்களில் ஒன்று. உடலும் மனமும் ஒன்றாய் இருப்பது யோசித்தால் பிடிபடாது. யோசிப்பதை நிறுத்திவிட்டுச் சாதாரண வாழ்க்கையில், நாலு பேரோடு பேசிப் பழகும்போதுதான் தெரியும் என்கிறார். தானே தூய அறிவு வேலைக்கு வருடத்தில் சில மணி நேரம் மட்டும் ஒதுக்குவதாகவும் சொல்கிறார். கேள்விக்கு இது பதிலாகாது என்பது உண்மை. ஆனால் தன் முறை எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்தே சொன்ன வார்த்தை அது.

நடைமுறையில் அவர் உடம்பையும் மனதையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. 1645-இல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தபோது, இப்படிப்பட்ட மெல்லிய காய்ச்சலுக்கு வழக்கமான காரணம் துக்கம் என்று எழுதினார். அந்தக் குடும்பத்தின் மேல் அப்போது துயரம் மேல் துயரமாக வந்துகொண்டிருந்தது. உணர்ச்சிகளைப் பற்றி அவர் 1649-இல் வெளியிட்ட கடைசி நூல் இந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்து பிறந்தது. எலிசபெத் தன் கடிதங்களை அச்சிட ஒப்பவில்லை. அவை 1879-இல்தான் நூலாக வெளிவந்தன. இருநூறு வருடத்துக்கும் மேலாக இந்த உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே உலகத்துக்குக் கேட்டிருக்கிறது.

பினியல் சுரப்பி விஷயத்தை விரைவாகக் கடந்துவிடலாம். மூளையில் மற்றதெல்லாம் இரட்டை, இது ஒன்றுதான் ஒற்றை, ஆகவே ஆன்மா செயல்படும் இடம் இதுதான் என்றார். உடற்கூற்றில் அவர் சொன்ன பலதும் அப்போதே தவறென்று தெரிந்துவிட்டது. இன்று அந்தச் சுரப்பி மெலடோனின் சுரந்து தூக்க நேரத்தோடு தொடர்புகொண்டது என்று தெரியும். இதயம் ஒரு கொதிகலன் மாதிரி ரத்தத்தைச் சூடாக்கித் தள்ளுகிறது என்றும் நினைத்தார். அது சுருங்கித் தள்ளுகிறது என்று 1628-இல் சொன்ன ஆங்கில மருத்துவர் ஹார்விதான் சரி.

இங்கே இரண்டு கதைகளைப் பற்றி எச்சரிக்கை செய்துவிடுகிறேன், மருத்துவப் பாடங்களில் அடிக்கடி வருவதால். ஒன்று, தெகார்த் ஆன்மாவைத் திருச்சபைக்கும் உடம்பை மருத்துவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்ததால்தான் பிண அறுப்பு சாத்தியமானது என்பது. காலக்கணக்கே ஒத்துவரவில்லை. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் அவருக்கு முந்நூறு வருடம் முன்பே மனித உடலை அறுத்துப் பாடம் நடந்தது. வெசாலியஸின் பெரிய உடற்கூற்று நூல் 1543-இல் வந்துவிட்டது. இன்னொன்று, விலங்குகளுக்கு வலியே கிடையாது என்று தெகார்த் சொன்னார் என்பது. இதில் நான் உறுதியாகப் பேசமாட்டேன். விலங்கு ஓர் இயந்திரம், அதற்குச் சிந்தனை கிடையாது என்று சொன்னது நிச்சயம். அவரைப் பின்பற்றியவர்கள் சிலர் அதைக் கொடுமைக்குச் சாக்காக எடுத்துக்கொண்டதாகவும் குறிப்புகள் உண்டு. ஆனால் 1649-இல் ஹென்றி மோர் என்ற ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், உடலுறுப்பைச் சார்ந்த அளவில் விலங்குகளுக்கு உணர்வு இருப்பதைத் தான் மறுக்கவில்லை என்கிறார். அந்த “உணர்வு” வெறும் நரம்பசைவா, வலிப்பதா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

சரி, அதே காலத்தில் சரியாகச் சொன்னவர் யார்? என் சார்பை மறைக்கவில்லை: இந்த விஷயத்தில் எனக்கு நெருக்கமானவர் ஸ்பினோசா. 1632-இல் ஆம்ஸ்டர்டாமில் போர்த்துக்கீசிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில், 1656 ஜூலையில், சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். 1677-இல் நாற்பத்து நான்கு வயதில் நுரையீரல் நோயில் இறந்தார். கண்ணாடித் தூசிதான் காரணம் என்று சொல்வது ஊகம். இறந்த வருடமே நண்பர்கள் அவருடைய ‘அறவியல்’ நூலை அச்சிட்டார்கள். மறு வருடம் ஹாலந்து அரசு தடை செய்தது.

அவர் எலிசபெத்தின் கேள்வியையே வேறு மாதிரி திருப்பிப் போட்டார். மனம் உடம்பைத் தள்ளுவதும் இல்லை, உடம்பு மனதைத் தள்ளுவதும் இல்லை. இரண்டும் ஒரே ஒன்றை இரண்டு விதமாகப் பார்ப்பது. எண்ணங்களின் வரிசையும் தொடர்பும், பொருள்களின் வரிசையும் தொடர்பும் ஒன்றே என்பது ‘அறவியல்’ இரண்டாம் பகுதியின் ஏழாவது கூற்று. இதை வலிக்குப் பொருத்திப் பாருங்கள். “இந்த வலி உடம்பிலா, மனதிலா?” என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. நரம்பில் நடப்பதை முழுதாகச் சொன்னாலும் அது வலியின் கதை. பயம், நினைவு, கவலை என்று முழுதாகச் சொன்னாலும் அதே வலியின் கதை. ஒன்றைச் சொன்னதால் இன்னொன்று பொய்யாகாது.

மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், மனிதர் இயற்கைக்குள் தனி ராஜ்யம் நடத்துவதாக நினைப்பவர்களை அவர் மறுக்கிறார். கோடு, தளம், பருப்பொருள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது போலவே மனித உணர்ச்சிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்கிறார். அவருடைய நோக்கம் உணர்ச்சிக்குக் காரணம் கேட்பது, கண்டிப்பது கிடையாது. கோபமும் பொறாமையும் துக்கமும் மழை, காற்று போல இயற்கையில் நடப்பவை. உடம்பால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று இதுவரை யாரும் கண்டறியவில்லை என்று அதே பகுதியில் சொல்கிறார், தூக்கத்தில் நடப்பவர்களை உதாரணம் காட்டி. ஓர் உணர்ச்சியை அதைவிட வலுவான எதிர் உணர்ச்சியால்தான் அடக்க முடியும் என்பது நான்காம் பகுதியில் வருவது. இது உங்கள் துறையில் தினமும் நடப்பதுதானே? முதுகை வளைத்தால் ஏதாவது உடைந்துவிடும் என்று பயப்படுகிறவரிடம் “பயப்படாதீர்கள்” என்று சொன்னால் பயம் போகாது. இன்று கொஞ்சம் குனிந்தார், ஒன்றும் ஆகவில்லை. நாளை இன்னும் கொஞ்சம். தன்னால் முடிகிறது என்ற மகிழ்ச்சி வளர வளர பயம் இடத்தைக் காலி செய்கிறது. ஸ்பினோசா மகிழ்ச்சியைச் செயலாற்றல் கூடுவது என்றும், துக்கத்தை அது குறைவது என்றும் வரையறுத்தார். உணர்ச்சியை உடலின் நிலையிலிருந்து தொடங்கி ஆராயும் நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோ, ஸ்பினோசாவைத் தன் முன்னோடியாகக் கொண்டு 2003-இல் ஒரு நூலே எழுதினார்.

குறையும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற மனம் உண்டு என்று ஸ்பினோசா ஏற்க வேண்டியிருக்கிறது. கல்லுக்கும்கூட. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அவர் போதுமான அளவு சொல்லவில்லை. ஒரே ஒன்றுக்கு ஏன் இரண்டு முகம் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

அடுத்து, ஜெர்மன் தத்துவவாதியும் கணிதவியலாளருமான லைப்னிஸ் (1646–1716) பற்றி இரண்டு விஷயங்கள் மட்டும். முதலாவது இயற்பியல். பிரபஞ்சத்தில் மொத்த அசைவு மாறாது, அதாவது பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் வருவது எப்போதும் ஒன்றே என்று தெகார்த் சொல்லியிருந்தார். 1686-இல் லைப்னிஸ் இதை ஒரு சின்னக் கணக்கால் உடைத்தார். ஒரு பவுண்டு எடையை நான்கு அடி தூக்கவும், நான்கு பவுண்டு எடையை ஓர் அடி தூக்கவும் ஒரே உழைப்புதான். இரண்டையும் கீழே விடுங்கள். கலிலியோவின் விதிப்படி நான்கு அடி விழுந்தது ஓர் அடி விழுந்ததைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் தரையைத் தொடும். எடையை வேகத்தால் பெருக்கினால் ஒன்றுக்கு இரண்டு, மற்றதற்கு நான்கு, சமமில்லை. எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் நான்கு. ஆக நிலைத்திருப்பது வர்க்கக் கணக்கு. இன்று இயக்க ஆற்றல் என்று பள்ளியில் படிப்பதன் மூதாதை இது.

இதற்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தெகார்த்தின் கணக்கில் வேகம் மட்டும்தான் உண்டு, திசை கிடையாது. அதனால் ஆன்மா வேகத்தைத் தொடாமல் திசையை மட்டும் திருப்பிவிடலாம் என்று அவர் நினைத்ததாக லைப்னிஸ் சொல்கிறார். தெகார்த்தின் எழுத்தில் அது வெளிப்படையாக இல்லை. லைப்னிஸ் ஏற்றிச் சொன்னதாக இருக்கலாம். எப்படியானாலும், மொத்தத் திசையும் மாறாது என்று லைப்னிஸ் காட்டியதும் அந்த வாசலும் அடைபட்டது. எலிசபெத்தின் வாதம், தொட்டால்தான் தள்ள முடியும் என்பதன் மேல் நின்றது. 1687-இல் நியூட்டன் தொடாமலே இழுக்கும் ஈர்ப்பைக் கொண்டுவந்த பிறகு அந்த வாதம் தளர்ந்துபோனது. லைப்னிஸின் வாதம் தளரவில்லை: இயற்கையின் கணக்கு தனக்குள்ளேயே நேர்படுகிறது, வெளியிலிருந்து யாரும் கூட்டவோ கழிக்கவோ இடமில்லை. பௌதிக நிகழ்வுக்குப் பௌதிகக் காரணம் போதும் என்று இன்றைய மனத்தத்துவம் வைக்கும் வாதத்தின் முதுகெலும்பு இதுதான்.

இரண்டாவது, 1714-இல் எழுதிய ‘மோனடாலஜி’யின் பதினேழாம் பத்தி. சிந்திக்கவும் உணரவும் செய்கிற ஓர் இயந்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மாவு மில் அளவுக்குப் பெரிதாக்கி உள்ளே நடந்து போனால் என்ன பார்ப்போம்? ஒன்றை ஒன்று தள்ளும் பாகங்களைப் பார்ப்போம். ஓர் உணர்வை விளக்கும்படியான எதையும் எங்கேயும் பார்க்கமாட்டோம். எம்ஆர்ஐ படத்தில் ஒரு பகுதி ஒளிர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்தி நினைவுக்கு வரும். எங்கே நடக்கிறது என்று தெரிகிறது. வலிக்கிறது என்பது அந்தப் படத்தில் இல்லை. 1995-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதை உணர்வுநிலையின் கடினமான சிக்கல் என்று பெயரிட்டு மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார்.

இதில் என் கருத்தைச் சொல்கிறேன். உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புலன்களைவிட அறிவையே முதலாகக் கொண்ட இந்த மூவர், அதாவது அறிவுமுதல்வாதிகள், கொடுத்த விடைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. பினியல் சுரப்பி போயிற்று, தெகார்த்தின் அசைவுக் கணக்கும் போயிற்று. லைப்னிஸ் சொன்னபடி மனமும் உடலும் கடவுள் முன்பே ஒத்திசைத்து வைத்த இரண்டு கடிகாரங்கள் என்று இன்று வாதிடுகிறவர்கள் அரிது. போகாமல் நிற்பது அவர்கள் இயற்கையை அறுத்த விதம். அளக்கக்கூடியதை மட்டும் இயற்கை என்று வைத்துக்கொண்டதால்தான் இயற்பியலும் உடலியலும் இவ்வளவு தூரம் வந்தன. அப்படி வைத்துக்கொண்ட அன்றே வலி, நிறம், சுவை எல்லாம் வெளியே நிறுத்தப்பட்டன. வெளியே நிறுத்தியதை உள்ளே தேடிக் காணவில்லை என்று இப்போது திகைக்கிறோம். மனதின் சிக்கலில் ஒரு பங்காவது மூளையின் நுணுக்கத்தால் வந்தது அல்ல, நாம் இயற்கைக்குக் கொடுத்த வரையறையால் வந்தது என்பது என் எண்ணம்.

எதிர்த்தரப்பு வலுவானது. உயிர் விஷயத்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். பாகங்களிலிருந்து உயிரை விளக்கவே முடியாது, தனியாக ஓர் உயிர்விசை வேண்டும் என்றார்கள். உயிர்வேதியியல் வளர்ந்தபோது அந்தத் தேவை சத்தமில்லாமல் மறைந்தது. உணர்வுக்கும் அதுவே நடக்கும் என்று சொல்கிறவர்களை மறுக்க என்னிடம் முடிவான வாதம் இல்லை. உயிர் விஷயத்தில் விளக்க வேண்டியது ஒரு நடத்தை; இங்கே விளக்க வேண்டியது அனுபவம் என்ற வேறுபாடு மட்டும் என்னை நிறுத்தி வைக்கிறது.

பழைய ஆட்களைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்டதற்கு இன்னொரு உதாரணம். 1637-இல் வந்த ‘முறை பற்றிய உரை’யின் ஐந்தாம் பகுதியில், மனிதனைப் போலவே செய்த இயந்திரத்தை எப்படி அடையாளம் காண்பது என்று தெகார்த் கேட்கிறார். ஓர் இடத்தில் தொட்டால் “என்ன வேண்டும்?” என்று கேட்கவும், இன்னோர் இடத்தில் தொட்டால் “வலிக்கிறது” என்று கத்தவும் இயந்திரம் செய்யலாம். ஆனால் எதிரில் சொல்லப்படும் எதற்கும் பொருத்தமாகச் சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பதில் சொல்ல அதால் முடியாது என்கிறார். ஓர் இயந்திரம் சிந்திக்கிறதா என்று பார்க்க 1950-இல் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் முன்வைத்த சோதனையும் உரையாடலைத்தான் அளவுகோலாக எடுத்தது. இன்றைக்கு நம் போனில் இருக்கும் மென்பொருள் அந்த அடுக்கும் வேலையைச் செய்கிறது. ஆக தெகார்த்தின் சோதனை தோற்றுவிட்டதா, அல்லது பேச்சு மனதுக்கு அடையாளம் என்பது தவறா? முந்நூற்று எண்பது வருடம் கழித்து அவருடைய வாக்கியம் இப்போதுதான் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது.

உங்கள் ஆசிரியரிடம் திரும்பிப் போனால், மருத்துவம் தெகார்த்திடமிருந்து இயந்திர உடம்பை எடுத்துக்கொண்டது, உடம்போடு கலந்து கிடக்கும் மனிதரைப் பற்றி அவர் எழுதியதை விட்டுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். அந்தத் தேர்வு அவருடையது இல்லை, பின்னால் வந்தவர்களுடையது. அதற்கு ஆய்வுக்கூட வசதி, மருந்துத் தொழில், மருத்துவமனைகள் துறைவாரியாகப் பிரிந்தது என்று பல காரணங்கள் இருக்கும். எதற்கு எவ்வளவு பங்கு என்பதை மருத்துவ வரலாற்றாய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும். வலியை “உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த விரும்பத்தகாத அனுபவம்” என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வரையறுத்து, 2020-இல் திருத்தியும் அந்த “அனுபவம்” என்பதை விடாமல் வைத்திருக்கிறது. ஆறாம் தியானத்தின் மாலுமியைப் படித்தவருக்கு அது புதிதாகத் தெரியாது.

படிக்கத் தொடங்குவதென்றால் எலிசபெத்–தெகார்த் கடிதங்களில் 1643-ஆம் வருடத்தவற்றை முதலில் எடுங்கள். சில பக்கங்கள்தான், நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அதன் பிறகு ஆறாம் தியானம். ஸ்பினோசாவை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயல வேண்டாம், வரையறைகளிலேயே நின்றுவிடுவீர்கள். மூன்றாம் பகுதியின் முன்னுரையையும், இரண்டாம் கூற்றுக்கு அவர் எழுதிய நீண்ட குறிப்பையும் படித்துவிட்டுப் பிறகு பின்னோக்கிப் போங்கள். லைப்னிஸுக்கு ‘மோனடாலஜி’ போதும், தொண்ணூறு சிறு பத்திகள். எங்கேயாவது தடுக்கினால் எந்தப் பத்தி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.